கீட்டோவா, சோற்றைக் குறைப்பதா? குமரி அடுக்களைக் கணக்கு

எடை குறைக்க, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டி உண்ணும் முறைதான் கீட்டோ. அதில் நாளுக்கு மாவுச்சத்து 20 முதல் 50 கிராம்தான். குமரி மாவட்டத்தில் அதற்கு முதல் பலி மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி). அவித்த கிழங்கு 150 கிராம் எடுத்தாலே 50 கிராமைத் தாண்டிவிடும். இதற்குப் போட்டியாக நிற்பது, சோற்றையும் கிழங்கையும் அளந்து மாவுச்சத்தை 100 முதல் 130 கிராமுக்குள் நிறுத்தும் முறை.

கீட்டோவில் முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்த கிளைகோஜன் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்) கரையும்போது, கிராமுக்கு மூன்று கிராம் நீர் கூடவே போகிறது. ஓராண்டுக்கு மேல் நீடித்த 13 ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது, கொழுப்பு குறைந்த உணவைவிடக் கீட்டோவில் கூடுதலாகக் குறைந்தது ஒரு கிலோகூட இல்லை. ஆனால் டிரைகிளிசரைடும் (ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பு) ரத்தச் சர்க்கரையும் இறங்குவதில் கீட்டோவுக்குத் தனி பலம் உண்டு.

நம் ஊரில் சிக்கல் தேங்காய் எண்ணெயில்தான். ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 12 கிராம் நிறைகொழுப்பு. 1500 கலோரி உண்பவருக்கு நாள் வரம்பே 17 கிராம் அளவுதான். கீட்டோவுக்குக் கொழுப்பு வேண்டுமென்று நான்கு கரண்டி ஊற்றினால் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், சிலருக்கு மிக வேகமாக ஏறும். கொழுப்பைச் சாளை, அயிலை மீன், நிலக்கடலை, நல்லெண்ணெயிலிருந்து எடுப்பது நல்லது. தொடங்குமுன் ரத்தத்தில் லிப்பிட் (கொழுப்பு அளவுகள்), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), யூரிக் அமிலம் பார்த்து, மூன்று மாதத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோ தொடங்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமிபிரைடு போடுவோருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்போருக்குச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் கீட்டோன் அபாயமாகக் கூடி அமிலமாகும் நிலை) வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்த அழுத்த மருந்தின் அளவையும் குறைக்க நேரலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கீட்டோ வேண்டாம்.

முதல் வாரத் தலைவலி, தசைப்பிடிப்புக்குக் காரணம் நீரும் உப்பும் வெளியேறுவதே. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவருக்கு உப்பிட்ட எலும்புச் சாறு உதவும். மலச்சிக்கலுக்குக் கீரைத் துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்).

அளவு குறைத்த முறை இப்படி: காலையில் பாதிப் புட்டு, நிறையச் சிறுபயறு. மதியம் 150 கிராம் சம்பா அரிசிச் சோறு (சுமார் 42 கிராம் மாவுச்சத்து), இரண்டு துண்டு மீன், இரண்டு பங்கு காய். குழம்புக்குத் தேங்காயையும் அளந்தே அரைக்க வேண்டும்; 100 கிராம் துருவலில் 350 கலோரி இருக்கிறது. இரவு மீனும் காயும் மட்டும். இந்த முறை சறுக்குவது கண் அளவில்தான்: வாரம் போகப் போகச் சோறு ஏறும். முதல் பத்து நாளாவது தராசில் வைத்து, அதே அளவுக்கு ஒரு கப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும்விட மோசமானது அரைகுறை கீட்டோ. பகலெல்லாம் எண்ணெயும் முட்டையும், சாயங்காலம் கிழங்கும் மீனும். கொழுப்பு எரியும்போது வரும் கீட்டோனும் உருவாகாது, கலோரியும் குறையாது. மீன் தாராளமாகக் கிடைக்கும் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வீடுகளுக்கு எங்கள் தேர்வு அளவு குறைத்த முறைதான். சர்க்கரை நோயோடு பருமனும் உள்ளவர், மருத்துவர் மேற்பார்வையில் மூன்று முதல் ஆறு மாதம் கீட்டோ இருந்துவிட்டு, வாரத்துக்கு 10 கிராம் வீதம் மாவுச்சத்தைக் கூட்டி இதே தட்டுக்கு வரலாம்.