ராஜபாளையமா, முதோளா? பெங்களூரில் ஈத்து எடுத்து ஷோவில் காட்ட நினைப்பவருக்கு

நாய் மேல் உயிரை வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்கள் பலருக்கு ஒரு கட்டத்தில் வெறுமனே வளர்ப்பது போதாது. ஒரு இனத்தை முறையாக எடுத்து, நாய்க் கண்காட்சியான ஷோவில் காட்டி, நல்ல ஈத்து எடுக்க ஆசை வரும். எந்த இனம் என்று பேச்சு வந்தால் மூன்று பெயர்கள் அடிபடும்: லேப்ரடார், ராஜபாளையம், முதோள்.

லேப்ரடாரை முதலில் முடித்துவிடலாம். எந்த டாக்டருக்கும் பழகிய இனம், குட்டி விற்றுப் போவதும் சுலபம். ஆனால் இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சத்தில் இறங்கும். தாய் தகப்பன் இரண்டுக்கும் எக்ஸ்ரே பார்க்காமல் இணை சேர்க்கக் கூடாது. பார்க்காமலே விற்பவர்கள் ஏராளம், அந்தக் கூட்டத்தில் புதிதாக இன்னொருவர் தேவையில்லை.

மீதி இரண்டும் நம் மண்ணின் வேட்டை நாய்கள். 2005-ல் தபால் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் இரண்டுக்கும் இடம் உண்டு. பெருமையில் ஒன்றுக்கொன்று குறைவில்லை என்பதால், எதன் குறையை நம்மால் சுமக்க முடியும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ராஜபாளையத்தின் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அதன் அழகு. அதன் சிக்கலும் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களில் அந்தக் காது செத்துவிடும். இரண்டு காதும் கேட்காத குட்டியை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். குட்டியைத் தனியாகத் தூங்கவிட்டு, தரை அதிராமல், காற்றுப் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். கூடப் பிறந்ததுகளோடு இருக்கும்போது செய்தால் பயனில்லை, மற்றது எழுந்தால் இதுவும் எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் சிக்காது. ஐந்து வாரத்துக்கு மேல் பேயர் என்ற செவித்திறன் சோதனை செய்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட நாய் ரிங்கில், அதாவது ஷோவில் நடுவர் முன் நடத்திக் காட்டும் களத்தில், கம்பீரமாக நடக்கும், பரிசும் வாங்கும், குறையைக் குட்டிகளுக்கும் கொடுக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை இணை சேர்க்காமல் ஒதுக்கும் மனத்திடம் வேண்டும். ஊர்ப்பாசத்தில் ராஜபாளையம் எடுக்கும் நம்மவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

முதோளில் இந்த நிறத் தொல்லை கிடையாது. பூர்விகம் இதே கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டம். முதோளுக்கு அருகே திம்மாப்பூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையமே இருப்பதால், நல்ல வம்சக் குட்டி தேட இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம் போதும். சென்னையில் தலைமையகம் உள்ள, நாய்களைப் பதிவு செய்து ஷோ நடத்தும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் முதோளுக்குப் பெயர் கேரவன் ஹவுண்ட். அதன் ஷோவுக்கு விண்ணப்பத்தில் அப்படி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

முதோளின் பிரச்சினை ரிங்கில் தெரியும். அந்நியர் கை பட்டால் அதற்குப் பிடிக்காது. நடுவரோ உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பார், முதுகைத் தடவுவார், கடுவனாக இருந்தால் விரையையும் தொட்டுப் பார்ப்பார். அதில் கூசிப் பின்வாங்கினால் அழகான நடையும் காப்பாற்றாது. குட்டியிலிருந்தே நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலர் கையிலும் பழக்க வேண்டும். இது உழைப்பால் தீரும் குறை. செவிட்டுத்தனம் அப்படித் தீராது.

இரண்டும் ஓடப் பிறந்தவை. 30-க்கு 40 அடி சைட்டில் கட்டிய வீட்டின் மொட்டை மாடி போதாது. ஆனேக்கல், ஹொஸ்கோட்டே பக்கம் உயரமாக வேலி போட்ட நிலம் கைவசம் வேண்டும். அப்புறம், கொழுப்பே இல்லாத இந்த ஒல்லி உடம்புக்குச் சில மயக்க மருந்துகள் ஆகாது. பெட்டைக்கு சிசேரியன் என்று நள்ளிரவில் ஓடுவதற்கு முன்பே, வேட்டை நாய்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை இறங்குபவருக்கு நான் முதோளைத்தான் சொல்வேன். ராஜபாளையம்தான் வேண்டும் என்பவர், பெற்றோர் இரண்டின் செவிச் சோதனைச் சான்றையும் காட்டுபவரிடம் மட்டும் குட்டி வாங்குங்கள். சான்று இல்லையென்றால், எத்தனை கோப்பை காட்டினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எதை எடுத்தாலும், 2017-ன் நாய் இனப்பெருக்க விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகும் வரை இணை சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. அந்த 18 மாதத்தை ரிங்குக்கே கொடுங்கள். பப்பி, ஜூனியர் வகுப்புகளில் இறக்கி, வேறு வேறு நடுவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். நாலு பேர் ஒரே குறையைச் சொன்னால், அந்தக் குறை இல்லாத கடுவனைத் தேட ஆரம்பிக்கலாம்.