கண்புரைக்கு மூன்று வழிகள்: எங்கே பணம் போகிறது, எங்கே நாள் போகிறது

அம்மாவுக்கு 72 வயது. சிங்கப்பூரில், எங்கள் ஈசூனில் பேருந்துக்கு நின்றால், வருவது 853-ஆ 858-ஆ என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கத் தொடங்கியிருந்தார். கீரை ஆயும்போது புழு கண்ணில் படவில்லை என்று இலையை மூக்கருகே தூக்கிப் பிடிப்பார். அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, வலக்கண்ணில் நன்றாகவே வளர்ந்துவிட்டது என்றார்.

அன்று இரவே வீட்டில் மூன்று கட்சி. மருந்தகம் தரும் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போகலாம் என்பது என் எண்ணம். "காப்புறுதிதான் இருக்கே, தனியார்ல அடுத்த வாரமே முடிச்சிடலாம்" என்றான் தம்பி. சித்தப்பா மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனைதான் என்று நின்றார். "அரவிந்துக்குக் கூட்டிட்டுப் போம்மா. ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும்."

மூன்றையும் விசாரித்தேன். ஒரே அறுவை சிகிச்சை, அரை மணி நேரம்கூடப் பிடிக்காத வேலை. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் விலை வேறு முகம் காட்டுகிறது.

தனியார் வழியை முதலில் முடித்துவிடுகிறேன். தம்பி பதிவு செய்திருந்த மருந்தகத்துக்கு நானும் போனேன். முகப்பில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ரைடர் இருக்கா?" (அடிப்படைக் காப்புறுதி நம்மைக் கட்டச் சொல்லும் பங்கையும் ஏற்கும் கூடுதல் காப்புறுதிதான் ரைடர்.) கண்ணைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. இருக்கிறது என்றதும், தூரமும் கிட்டமும் ஒருசேரத் தெரியும் விலை கூடிய லென்ஸைப் பற்றி விளக்கினார்கள். அம்மா படிக்கிறாரா, தைக்கிறாரா, இரவில் வெளியே போகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. பணம் கட்டுபவர் ஒருவர், வேண்டுமென்று சொல்பவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர் இன்னொருவர் என்று மூவராகப் பிரிந்துவிட்டால் விலையை யாரும் பார்ப்பதில்லை. கட்டணம் முழுவதையும் ரைடரே ஏற்ற காலத்தில், ரைடர் இல்லாதவர்களைவிட அதை வைத்திருந்தவர்களின் சராசரி மருத்துவக் கட்டணம் ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுதலாக இருந்ததென்று 2018-இல் சுகாதார அமைச்சு சொன்னது. அதனால்தான் 2019 ஏப்ரல் முதல் புது ரைடர்களில் குறைந்தது 5 விழுக்காட்டை நோயாளியே கட்ட வேண்டும் என்று வந்தது. 2026 ஏப்ரல் முதல் விற்கப்படும் ரைடர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். காப்புறுதி தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய முதல் தொகையை அவை ஏற்கக்கூடாது. நம் பங்குக்கான ஆண்டு உச்சவரம்பும் 3,000 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளியாகிவிட்டது. "அடுத்த வாரமே" என்று தம்பி சொன்ன வேகத்தின் விலை எங்கே இருக்கிறது என்றால், அவன் கட்டும் சந்தாவில் இருக்கிறது. வயது ஏற ஏற அது எப்படி ஏறுகிறது என்பது பெற்றோருக்குச் சந்தா கட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அரசாங்க மருத்துவமனையில் கதை நேர் எதிர். கையிலிருந்து போகும் பணம் கொஞ்சம்தான். பலதுறை மருந்தகமோ, அரசாங்கத்தின் சாஸ் மானியத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகமோ எழுதிக் கொடுத்துப் போனால் மானியக் கட்டணம். அம்மா மெர்டேக்கா தலைமுறை (1950-களில் பிறந்தோருக்கான சலுகைத் திட்டம்) என்பதால், சிறப்பு மருத்துவரைப் பார்க்கும்போது மானியம் போக மிச்சத்திலும் 25 விழுக்காடு கழிவு. அறுவைக்கு அம்மாவின் மெடிசேவ் (சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கட்டாய மருத்துவச் சேமிப்பு), போதாவிட்டால் என் மெடிசேவிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் மருத்துவர் யார் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, நாளையும் அவர்கள்தான் சொல்வார்கள். கடிதம் வாங்கிய நாளிலிருந்து அறுவை நாள் வரை எங்களுக்கு ஐந்து மாதம். இடையில் நான்கு முறை நான் விடுப்பு எடுத்தேன். ரசீதில் ஏறாவிட்டாலும் அதுவும் செலவுதான்.

இந்தக் காத்திருப்பு வரிசை தானாக வந்ததன்று, ஓரளவு தெரிந்தே வைத்தது. மருத்துவத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதைப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-லேயே எழுதிவிட்டார். கத்திரிக்காய் விலை ஏறினால் வெண்டைக்காய் வாங்கலாம், எனக்கு அறுவை தேவையா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அப்படியானால் மருத்துவர்கள் பெருகும்போது சிகிச்சையும் பெருகும். இந்த அச்சத்தில் 1993-இல் வந்த சிங்கப்பூர் அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை, மருத்துவர் எண்ணிக்கையையும் படுக்கைகளையும் அளவோடு வைக்கச் சொன்னது. அதே ஆண்டில், இங்கே அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை 176-லிருந்து 28-ஆகக் குறைக்கப்பட்டது. செலவு கட்டுக்குள் நின்றது உண்மை. ஆனால் பிறகு ஊரே மூப்படைந்தது. கல்லூரிப் பட்டியல் திரும்ப நீண்டது, மூன்றாவது மருத்துவக் கல்லூரி 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது, 2024-இல் உட்லண்ட்ஸில் புது மருத்துவமனை திறந்தது. ஒரு சிறப்பு மருத்துவர் உருவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அன்று எடுத்த முடிவின் ஒரு பங்கை இன்று எங்கள் ஐந்து மாதத்தில் கொடுத்தோம் என்றே நினைக்கிறேன்.

சித்தப்பாவின் மதுரை என்னை அதிகம் யோசிக்க வைத்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த். அவர்கள் வரிசையையும் நீட்டவில்லை, விலையையும் ஏற்றவில்லை. ஒரு மருத்துவரால் ஒரு நாளில் எத்தனை கண்களைத் தொட முடியும் என்பதையே மாற்றினார்கள். அறுவை அறையில் மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் வேலை செய்யும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் தயார் செய்துவிடுகிறார்கள். இது முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அங்கே தொடங்குகிறார். பரிசோதனை, கண் அளவெடுப்பு எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்களின் கையில். லென்ஸ் ஒன்று 100 அமெரிக்க டாலர் அளவில் விற்ற நாளில், 1992-இல் ஆரோலேப் என்று சொந்தமாகத் தொடங்கி அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கட்ட முடிந்தவர் கட்டுகிறார், முடியாதவருக்கு இலவசம். நம்மவர்கள் செய்த காரியம் என்று பெருமைப்படாமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் அம்மாவுக்கு அது பொருந்தவில்லை. இந்தியாவில் மெடிசேவ் செல்லாது. அறுவைக்குப் பின் சொட்டு மருந்தும் மறுபரிசோதனையும் உண்டு. சிங்கப்பூர் திரும்பியபின் கண் சிவந்தால், கண்ணைத் திறந்த மருத்துவர் கடலுக்கு அப்பால் இருப்பார். அந்த வகையில் கடற்பாலம் தாண்டினால் வரும் மலேசியாவின் ஜோகூர் மேல். 2010 முதல் மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற சில மருத்துவமனைகளில் மெடிசேவைப் பயன்படுத்தலாம். ஆனால் கடற்பால நெரிசலில் கண்ணில் கட்டோடு அம்மாவை உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

புரை மெல்ல வளர்வது, சில மாதம் பொறுக்கும். அதனால் வரிசையில் நின்றோம். பொறுக்காத நோய் என்றால் கணக்கே வேறு. மார்பில் கட்டி என்றிருந்தால் தம்பியோடு நான் ஒரு நிமிடம்கூட வாதாடியிருக்க மாட்டேன். அரசாங்க மருத்துவமனையும் அதை அவசரம் என்று முன்னே தள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வலக்கண் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. அம்மா ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணைப் பொத்தி, தன் வெள்ளைச் சேலையைப் பார்க்கிறார். இடக்கண்ணுக்கு அது இன்னும் தேநீர் பட்ட மஞ்சள். அடுத்த அறுவைக்கு இரண்டு மாதம் தள்ளி நாள் கொடுத்தார்கள். எழுந்து வரும்போது அம்மா முகப்பில் இருந்த தாதியிடம் சொன்னார்: "யாராவது வரலைன்னா எனக்குப் போன் போடும்மா. ஈசூன்தான், உடனே வந்திடுவேன்."