மாதவரம் ரோட்டோர நர்சரி: பதியன் வாங்கலாம், விதை வேண்டாம்

இங்கே வாங்க வேண்டியது குண்டுமல்லிப் பதியன்தான். கவரின் அடியைப் பாருங்க: ஓட்டை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்ல செடி. லேசாக இழுத்ததும் கையோடு வந்தால் அது வேர் பிடிக்காத குச்சி, எடுக்காதீங்க.

சங்குப்பூ விதைப் பொட்டலம் ரொம்ப சுமார். காயைப் பச்சையாகவே பறித்திருக்காங்க. பாதி விதை சப்பையாகச் சுருங்கிக் கிடக்கு. காய் பழுப்பாகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரணும், அப்பத்தான் விதை முற்றியிருக்கும். விதைத் தோல் கெட்டி, அதனால் உப்புத்தாளில் ஒரு பக்கம் உரசி, 12 மணி நேரம் ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்க. நித்தியகல்யாணி விதைக்கு இருட்டு வேண்டும், மண் மூடாமல் தூவினால் சரியாக முளைக்காது.

தேங்காய் நார்க்கழிவுக் கட்டி (கோகோபீட்) விலை நியாயம். ஆனால் அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து மூன்று தண்ணி மாற்றிப் பிழியாவிட்டால் இலை நுனி கருகும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணியே உப்பு என்பதால் இளம் பதியனுக்கு மெட்ரோ தண்ணியோ மழைத்தண்ணியோ ஊத்துங்க.

செம்பருத்திக் குச்சி கேட்டால் சும்மாவே வெட்டித் தர்றாங்க. பென்சில் கனம், 15 செ.மீ. நீளம், கணுவுக்குக் கீழே சாய்வான வெட்டு: இப்படிக் கேட்டு வாங்குங்க.