சிவப்புக் கோட்டோடு ஒன்பது ஆண்டுகள்: திருகோணமலை வேலைத்தளங்களில் வலையமைப்புத் திட்டமிடல்

திருகோணமலை மாவட்டத்தில் வீடுகள், வகுப்பறைக் கட்டடங்கள், சிறிய கடைத்தொகுதிகள் ஆகியவற்றின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்வது என் தொழில். 2016ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வேலையையும், எது முடிந்தபின் எது தொடங்கலாம் என்று வேலைகளைத் தொடுத்துக் காட்டும் வலையமைப்பு வரைபடம் ஒன்றை வரைந்த பின்பே தொடங்கி வருகிறேன். அதற்கு முன்னர் நானும் மற்றவர்களைப் போலப் பட்டை வரைபடத்தையே பயன்படுத்தினேன். எந்த வேலை எந்த வாரத்தில் நடக்கும் என்பதை அது நன்றாகவே காட்டும். ஆனால் ஒரு வேலை பிந்தினால் அதற்குப் பின்னால் எவையெல்லாம் பிந்தும், எவை பிந்தாமல் தப்பும் என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

முறை பழையது. டுபொன்ட் நிறுவனம் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 1957இல் சி.பி.எம் (CPM) முறையை, அதாவது மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் மிக நீண்ட பாதையைக் கண்டுபிடிக்கும் முறையை, உருவாக்கியது. அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால மதிப்பீடுகளை எடுக்கும் பேர்ட் (PERT) முறையைக் கொண்டுவந்தது. வேலைகளை முன்பின் வரிசைப்படி தொடுத்து, தொடக்கத்திலிருந்து முன்னோக்கிக் கூட்டி ஒவ்வொன்றும் எவ்வளவு விரைவாக முடியலாம் என்று பார்க்கிறோம்; பிறகு முடிவிலிருந்து பின்னோக்கிக் கழித்து எவ்வளவு தாமதமாக முடிந்தாலும் பாதகமில்லை என்று பார்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தளர்வு. தளர்வே இல்லாத வேலைகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் பாதையைச் சிவப்புப் பேனையால் வரைவதால், எங்கள் தளத்தில் அதற்குச் 'சிவப்புக் கோடு' என்றே பெயர்.

முதல் வரைபடமே என் எண்ணத்தைப் பொய்யாக்கியது. அது உப்புவெளிப் பக்கத்தில் ஒரு தனிமாடி வீடு. அத்திவாரம் வெட்ட 4 நாள், அடிக் கொங்கிறீட்டுக்கு 2, கருங்கல் கட்டுக்கு 8, அதன்மேல் வளைக்கு 4, அது இறுக 3 என மொத்தம் 21 நாள். மறுபக்கத்தில், கதவு நிலைகளுக்கும் யன்னல்களுக்கும் மரம் எடுப்பிக்க 10 நாள், தச்சருக்கு 15 நாள் என 25 நாள். நிலை வராமல் சுவர் எழும்ப முடியாது. ஆகவே சிவப்புக் கோடு, நாங்கள் அனைவரும் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்திவாரத்தின் வழியே செல்லவில்லை; இன்னும் சொல்லியே வைக்காத மரத்தின் வழியே சென்றது. மேசன்மாருக்கு மேலதிக நேரக் கூலி கொடுத்து அத்திவாரத்தை விரைவுபடுத்த எண்ணியிருந்தேன். அந்தப் பணம் ஒரு நாளைக்கூட மிச்சப்படுத்தியிராது. அதே பணத்தில் இன்னொரு தச்சரைச் சேர்த்து 15 நாளை 10 ஆக்கினோம். குறைத்தது ஐந்து நாளாக இருந்தும் கிடைத்த பயன் நான்கே நாள், ஏனெனில் மரப்பாதை 20 நாளாகச் சுருங்கியவுடன் 21 நாள் அத்திவாரம் சிவப்புக் கோடாக மாறிவிட்டது. ஐந்தாவது நாளுக்குக் கொடுத்த கூலி வீண். அன்று முதல், எந்த வேலையைச் சுருக்குவதற்கு முன்பும் அடுத்த நீண்ட பாதை எத்தனை நாள் என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

தளர்வைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொடக்க காலத்தில் முழு வரைபடத்தையும் தளக் கொட்டிலில் ஒட்டிவைத்து, யாருக்கு எத்தனை நாள் தளர்வு என்பதையும் எழுதிவைத்தேன். ஒரு வேலையில் மூத்த தச்சர் ஒருவர் நான்கு நாள் பிந்தி வந்து, "தம்பி, அந்த நாலு நாளும் எனக்கெண்டுதானே கீறி வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரே பாதையில் உள்ள வேலைகள் தளர்வைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முன்னவர் எடுத்துவிட்டால் பின்னவருக்கு எதுவும் மிஞ்சாது. கூரை வேலைக்கு வந்தவர்கள் அவருடைய நான்கு நாளுக்காக இரவு வரை நின்று வேலை செய்தார்கள். இப்போது ஒட்டும் தாளில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் மட்டுமே இருக்கும். தளர்வுக் கணக்கு என் கொப்பியில் இருக்கும்.

பேர்ட் முறையின் மூன்று மதிப்பீடுகளை நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டேன். வெளிப்பூச்சு நன்றாகப் போனால் 6 நாள், வழக்கமாக 8, மழை பிடித்தால் 22 என்று கொண்டால், நடுமதிப்பை நான்கு மடங்காக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க 10 நாள் வருகிறது. நவம்பரில் திருகோணமலையில் வெளிப்பூச்சு 10 நாளில் முடிந்து நான் கண்டதில்லை; வானம் வெளித்திருந்தால் எட்டு நாளில் முடியும், வாடை மழை இறங்கினால் மூன்று வாரம் இழுக்கும். வேறொரு குறையும் உண்டு. குறித்த நாளில் முடிய ஒவ்வொன்றுக்கும் சரிபாதி வாய்ப்புள்ள, ஒன்றையொன்று சாராத இரண்டு பாதைகள் ஓரிடத்தில் சந்தித்தால், இரண்டும் சேர்ந்து அந்நாளில் முடிய வாய்ப்பு நான்கில் ஒரு பங்கே. பேர்ட் கணக்கு மிக நீண்ட பாதையை மட்டும் பார்ப்பதால் இது அதில் தெரியாது. ஆகவே இப்போது மழையை மதிப்பீட்டில் புகுத்துவதில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரையான நாட்காட்டியில் வெளிவேலைகளுக்கென வாரத்துக்கு இரண்டு நாளை முன்கூட்டியே அடைத்துவிடுகிறேன். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களுக்கு இந்தக் கவலை இல்லை; அப்போது கொங்கிறீட் வெடிக்காமல் காலையும் மாலையும் தண்ணீர் விடும் ஆளை மட்டும் மறக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அரச வேலைகளில் நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. நமது மாவட்டத்துக்கு அது மழையின் நடுப்பகுதி. ஓகஸ்ட் இறுதியில் கையெழுத்தான ஒரு வகுப்பறைக் கட்டடத்துக்கு அந்நாளிலிருந்து பின்னோக்கிக் கழித்தபோது, ஒரு மண்வெட்டி கூட விழுமுன்பே தளர்வு கழித்தல் 19 நாள், அதாவது 19 நாள் போதாது, என்று வந்தது. அந்தத் தாளை எடுத்துச் சென்று பொறுப்பான பொறியியலாளரிடம் காட்டினேன். வெளிப்பூச்சையும் வர்ணத்தையும் அடுத்த ஆண்டுக்கெனப் பிரித்துத் தந்தார்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் வழக்கமான புலம்பலாகவே அது எடுக்கப்பட்டிருக்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, முதல் இரண்டு ஆண்டுகள் கையால் வரைந்ததை நல்லூழாகவே கருதுகிறேன். பிறகு மைக்ரோசொப்ட் புரொஜெக்ட், இப்போது இலவசமாகக் கிடைக்கும் புரொஜெக்ட்லிபர். முதலாவதில் ஒரு பொறி உண்டு: தொடக்க நாள் கட்டத்தில் கையால் திகதியைத் தட்டினால், அதற்கு முன் தொடங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு அந்த வேலையின்மேல் விழுந்துவிடும். முந்திய வேலை விரைவில் முடிந்தாலும் அது முன்கூட்டியே தொடங்காது. ஒரு வேலையில் இதைக் கவனிக்காமல் ஆறு நாள் இழந்தேன். திகதியைத் தட்டாமல், தொடுப்பை மட்டும் கொடுக்க வேண்டும்.

2022இல் எரிபொருள் வரிசையிலும் சீமெந்துத் தட்டுப்பாட்டிலும் எல்லா வரைபடங்களும் சிதைந்தன. வேலைகளின் வரிசை சரியாக இருந்தது. பொருளும் ஆளும்தான் இல்லை. கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் நடந்த இரண்டு வேலைகளுக்கு ஒரே மேசன் கூட்டத்தை நம்பியிருந்தேன். வரைபடங்கள் இரண்டும் தனித்தனியே சரி, சேர்த்துப் பார்த்தால் நடக்க முடியாதவை. அதன்பின் எல்லாத் தளங்களையும் ஒரே கோப்பில் வைத்து, ஆட்களைக் கொண்டும் தொடுக்கிறேன்.

வரைவதைவிடத் திருத்துவதற்கே அதிக உழைப்பு வேண்டும். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இன்னும் எத்தனை நாள்? எத்தனை வீதம் முடிந்தது என்று கேட்பதை விட்டுவிட்டேன், தொண்ணூறு வீதம் என்ற விடை மூன்று வாரம் தொடர்ந்து வரும். இப்போது நிலாவெளியில் நடக்கும் வேலையில் கூரை ஒக்டோபர் 10க்குள் மூடப்பட வேண்டும். நேற்றைய கணக்குப்படி மூன்று நாள் தளர்வு இருக்கிறது, கூரைத் தகரம் வரும் பாதைக்கு அதைவிட ஒரே ஒரு நாள்தான் கூடுதல் தளர்வு. தகரத்துக்கு நாளையே முற்பணம் கட்டப் போகிறேன்.