ஏற்காட்டு நடைக்கு எந்தக் கண்ணாடி?

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. விடியுமுன் அடிவாரத்தில் கிளம்பி ஏற்காடு ஏறி, ஏரியைத் தாண்டிச் சேர்வராயன் கோயில் வரை நடப்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். வெயிலுக்கு என்ன போடுவது என்று நாலு வருடம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பவர் கண்ணாடிமேல் மாட்டும் கறுப்புக் கிளிப்பில் வந்து நின்றேன்.

பவர் வைத்த கூலிங் கிளாஸ் பார்க்க அழகு. ஆனால் நிழலுக்குள் நுழைந்ததும் இன்னொரு கண்ணாடி தேட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டு இரண்டே முறைதான் நடந்திருக்கிறேன், அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. வியர்த்த கையோடு, தூசிக்கு நடுவே கண்ணைத் தொடுவது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நிஜப் போட்டி, வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸுக்கும் கிளிப்புக்கும். முதலில் 4,200 ரூபாய் போட்டு போட்டோகுரோமிக்தான் வாங்கினேன். புற ஊதாக் கதிர் பட்டால் அது கறுக்கும், சூடு ஏறினால் வெளுக்கப் பார்க்கும். இந்த இழுபறிதான் நம் மலைக்கு ஒத்துவரவில்லை. ஏப்ரலில் அடிவாரத்து அனலில் கண் கூசியபோது அரைகுறையாகவே கறுத்தது. டிசம்பரில் மேலே, குளிரில், கன்னங்கரேல் என்று கறுத்துவிட்டு வெளுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. காப்பித் தோட்டத்து வழியில் சில்வர் ஓக் நிழல் பத்தடி, வெயில் பத்தடி. லென்ஸ் வெளுக்கச் சில நிமிடம் ஆகும். அதற்குள் நான் ஒரு வேரில் தடுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். 450 ரூபாய் கிளிப்பை ஒரு விரலால் மேலே தள்ளினால் போதும், வேர் தெரியும்.

கிளிப்பிலும் வில்லங்கம் உண்டு. இடையில் தூசி புகுந்து பவர் லென்ஸில் கீறல் விழும். துண்டால் துடைக்குமுன் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். போலரைஸ்டு, அதாவது பளபளப்புக் கூச்சத்தைக் குறைக்கும் வகை, என்றால் சில கோணத்தில் மொபைல் திரை இருட்டாகத் தெரியும். வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி400 இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்; ஏற்காடு 1,500 மீட்டர். அந்தத் தடுப்பில்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி கண்பாவையை விரிய வைத்துக் கதிரை இன்னும் உள்ளே விட்டுவிடும். இந்த ஒன்றில் போட்டோகுரோமிக் கெட்டி, வெளுத்திருந்தாலும் தடுக்கும். தார் ரோட்டிலேயே நடப்பவர்களுக்கு அதுவே போதுமாக இருக்கலாம்.

இன்னொன்று. கிளிப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காராதீர்கள். என் முதல் கிளிப்பைக் குரங்கு கொண்டுபோனது.