பென்டிரைவா, கேபிளா, ஆடியோ பதிவா? கீபோர்டில் இருப்பதைக் காப்பாற்றும் வழிகள்

ஒரு கல்யாண வரவேற்புக்கு முதல் நாள் இரவு, சர்வீஸிலிருந்து திரும்பி வந்த என் கீபோர்டை ஆன் செய்தேன். முதல் பேங்கை (நாமே அமைத்த செட்டிங்குகளை வைக்கும் அறையை) அழுத்தினால் நாதஸ்வரம் வர வேண்டும், பியானோ வந்தது. இரண்டாவதிலும் பியானோ. உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டை மாற்றியிருக்கிறார்கள், உள்ளே இருந்தது எல்லாம் போய்விட்டது. எட்டு பேங்க், ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 32 ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரே அழுத்தில் வரும்படி சேமித்த செட்டிங். எந்தப் பாட்டுக்கு எந்த ஸ்டைல் (பின்னணித் தாளம்), என்ன டெம்போ (வேகம்), எத்தனை டிரான்ஸ்போஸ் (சுதி மாற்றம்) என்று இரண்டு வருஷமாகச் செதுக்கி வைத்தவை. விடிய விடிய உட்கார்ந்து பன்னிரண்டை மட்டும் மீட்டேன்.

அதற்கப்புறம் கையில் கிடைத்த கீபோர்டில் எல்லாம் ஒவ்வொரு வழியாகப் பழகிப் பார்த்தேன். எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, 'எதைக் காப்பாற்ற வேண்டும்?' என்றுதான். வாசித்த ஸ்வரங்கள் மிடி தகவலாக, அதாவது எந்தக் கீயை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பாக இருக்கின்றன. ரிஜிஸ்ட்ரேஷன், சொந்த ஸ்டைல் போன்றவை அந்த மாடலுக்கே உரிய செட்டிங் கோப்பாக இருக்கின்றன. காதில் விழும் ஒலி ஆடியோ. ஒன்றைக் காப்பாற்றும் வழி இன்னொன்றைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பென்டிரைவ் துவாரம் இருக்கும் கீபோர்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் முதல் வழி. யமஹா பி.எஸ்.ஆர்-இ463, கேசியோ சி.டி-எக்ஸ்3000, சி.டி-எக்ஸ்5000 போன்றவற்றில் கம்ப்யூட்டரே இல்லாமல் மேடை ஓரத்தில் நின்றபடி சேவ் செய்துவிடலாம். யமஹாவில் இரண்டு தனித்தனி வேலைகள் இருப்பதைக் கவனியுங்கள். யூசர் ஃபைலாகச் சேவ் செய்தால் ரிஜிஸ்ட்ரேஷனும் வந்துவிடும், ஆனால் அந்தக் கோப்பு வேறு மாடலில் திறக்காது. பாட்டை எஸ்.எம்.எஃப் (எல்லோருக்கும் பொதுவான மிடி கோப்பு) ஆகச் சேவ் செய்தால், அதைப் படிக்கும் எந்தக் கீபோர்டிலும் கம்ப்யூட்டரிலும் ஓடும், ஆனால் ரிஜிஸ்ட்ரேஷன் வராது. இரண்டையும் செய்யுங்கள். கேசியோவில் எல்லாம் 'மியூசிக்டேட்' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பெயரை மாற்றினாலோ கோப்பை வெளியே எடுத்து வைத்தாலோ கீபோர்டு கண்டுகொள்ளாது. கோர்க் பி.ஏ வரிசையில் மொத்தமும் '.செட்' என்று முடியும் ஒரே ஃபோல்டராக வரும். அதை அப்படியே முழுசாகக் காப்பி எடுக்க வேண்டும், உள்ளே இருப்பதைப் பிரிக்கக் கூடாது.

பெரிய பென்டிரைவ் வாங்க வேண்டியதில்லை. பழைய கீபோர்டுகளில் பல, 32 ஜி.பி.க்கு மேல் போனாலோ ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இல்லாமல் எக்ஸ்ஃபேட்டில் இருந்தாலோ தகராறு செய்யும். சின்னதாக ஒன்று வாங்கி, கீபோர்டிலேயே ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். சேவ் ஆகும்போது உருவக் கூடாது. அப்புறம், அந்தப் பென்டிரைவ் கீபோர்டிலேயே மாதக்கணக்கில் குத்தியிருந்தால் அதற்குப் பேர் பேக்கப் இல்லை. கீபோர்டு பை தொலைந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

பென்டிரைவ் துவாரம் இல்லாத கீபோர்டு வைத்திருப்பவர்களுக்குக் கேபிள்தான். யமஹா பி.எஸ்.ஆர்-இ363, கேசியோ சி.டி-எக்ஸ்700 போன்ற ஆரம்பநிலை மாடல்களில் கம்ப்யூட்டருக்குப் போகும் சதுர துவாரம் மட்டுமே உண்டு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'பிரிண்டர் கேபிள்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், அதே கேபிள்தான். ஆனால் செருகியவுடன் பென்டிரைவ் மாதிரி கோப்புகள் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு அது மிடி கருவியாகத்தான் தெரியும். இ363-க்கு யமஹாவின் மியூசிக்சாஃப்ட் டவுன்லோடர் என்ற விண்டோஸ் மென்பொருளைப் போட்டால் '.பி.யூ.பி' என்று முடியும் பேக்கப் கோப்பை இழுத்து வைத்துக்கொள்ளலாம். பென்டிரைவோடு பார்த்தால் வேலை கூடுதல். ஆனால் கோப்பு நேராகக் கம்ப்யூட்டருக்கே வந்துவிடுவதால், இரண்டாவது பிரதி எடுக்க மறந்துபோகும் ஆபத்து குறைவு.

இதே கேபிளில் இன்னொரு பயனும் உண்டு. கீபோர்டில் பாட்டை ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு ரெக்கார்டிங் மென்பொருளில் மிடியாகப் பிடிக்கலாம். நான்கு நிமிஷப் பாட்டுக்கு நான்கு நிமிஷம் காத்திருக்க வேண்டும். பத்துப் பாட்டு என்றால் சரி, நூறு என்றால் பொறுமை வேண்டும்.

மிடி கோப்பை நம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஒலி இல்லை. எந்தக் கீயை, எப்போது, எவ்வளவு அழுத்தி, எந்த எண் வாய்ஸில் (வாத்திய ஒலியில்) என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 1991-இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாய்ஸ்கள். அதில் 105-ஆவது சிதார், 112-ஆவது ஷெனாய். நாதஸ்வரம் இல்லை, தபலா இல்லை. இந்திய மாடல் ஒன்றில் நாதஸ்வரத்தில் வாசித்ததை வேறொன்றில் போட்டால், அந்த இடத்தில் என்ன கேட்கும் என்று சொல்ல முடியாது. ஸ்வரம் பிசகாது, ஒலிதான் வேறாகிவிடும்.

அதனால்தான் ஆடியோவை நான் ஒதுக்குவதில்லை. இ463 மாதிரி கீபோர்டுகள் நேராகப் பென்டிரைவிலேயே வேவ் கோப்பாகப் பதியும். நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும், அதே பாட்டின் மிடி சில பத்து கே.பி.தான். நாளைக்கு ஒரு ஸ்வரத்தைத் திருத்தவோ சுதியை இறக்கவோ மிடி அளவுக்குச் சௌகரியம் கிடையாது. ஆனால் அன்று வாசித்தது அன்று கேட்டபடியே இருக்கும். கீபோர்டே செத்துப் போனாலும் இருக்கும்.

வட்டமான ஐந்து முள் மிடி கேபிளில் சிஸ்எக்ஸ் டம்ப் எடுப்பது, அதாவது உள்ளே இருக்கும் செட்டிங்கை மிடி தகவலாக வெளியே அனுப்பிச் சேமிப்பது, பழைய சிந்தசைசர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 1983-இல் வந்த வேகம்தான் இன்றும்: நொடிக்கு 31,250 பிட், அதாவது மூன்று கே.பி. சொச்சம். மிடி-ஆக்ஸ் போன்ற மென்பொருளில் சேமிக்கலாம். மிக மலிவான யு.எஸ்.பி மிடி கேபிள் வாங்காதீர்கள், நீளமான டம்ப் நடுவில் பைட்டுகளை விழுங்கிவிடும். ஃபிளாப்பி டிரைவ் உள்ள யமஹா பி.எஸ்.ஆர்-740 மாதிரி கீபோர்டு இருந்தால், டிரைவைக் கழற்றி கோடெக் எமுலேட்டர் பொருத்தலாம். ஃபிளாப்பிக்குப் பதில் பென்டிரைவ் செருகலாம். ஆனால் பொருத்துவதற்கு முன், இருக்கும் ஃபிளாப்பிகளை இன்றே காப்பி எடுத்துவிடுங்கள். பூஞ்சை யாருக்காகவும் காத்திருக்காது.

என் முறை இது: செட்டிங் கோப்பும் எஸ்.எம்.எஃப்பும் பென்டிரைவில், அதே நாள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, ஃபோல்டரின் பெயரில் மாடலும் தேதியும். முக்கியமான பாட்டுகளுக்கு மட்டும் வேவ்.

எடுத்ததைத் திரும்ப ஏற்றியும் பார்க்க வேண்டும். போன மாதம் என் மாணவி ஒருத்தியின் யமஹாவில் இதைச் செய்தோம். கடைசி வெள்ளை கீயை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் ரிஜிஸ்ட்ரேஷன் அழியும். அதோடு மேலே உள்ள கடைசி மூன்று கறுப்பு கீயையும் சேர்த்துப் பிடித்தால் ஏற்றிய பாட்டும் ஸ்டைலும் போய்விடும், அதைத் தொடவில்லை. "வேண்டாம் சார், பயமா இருக்கு" என்றாள். எல்லாம் அழிந்து பியானோ வந்தது. கோப்பை ஏற்றி முதல் பேங்கை அழுத்தச் சொன்னேன். அவள் வைத்திருந்த புல்லாங்குழல், அதே டெம்போவில்.