வின்ஸ்டன்ஸ் விஷ்: அப்பாவை இழந்த பிள்ளைக்குக் கிடைத்த துணை

லண்டனில் அத்தான் தவறியதும், அக்கா மகனிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொந்தக்காரர்கள் சமாளித்தார்கள். பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நெருங்கியவரை இழந்த குழந்தைகளுக்குத் துணைநிற்க பிரிட்டனில் 1992 முதல் இயங்கும் வின்ஸ்டன்ஸ் விஷ் அறக்கட்டளையோடு அக்காவைப் பேசவைத்தேன். கட்டணம் கிடையாது. இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று நேராகவே சொல்லச் சொன்னார்கள். அழுத கையோடு விளையாடப் போவதும் குழந்தைகளுக்கு இயல்புதானாம். அதைக் கேட்ட பிறகுதான் அக்காவுக்கு மூச்சே வந்தது.

அவர்கள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நினைவு ஜாடி. உப்பில் வண்ணச் சாக்பீஸைத் தேய்த்து நிறமேற்றி, ஒரு நினைவுக்கு ஓர் அடுக்காகக் கண்ணாடிக் குப்பியில் நிரப்ப வேண்டும். மஞ்சள் அடுக்கு அப்பாவோடு கிரிக்கெட் பார்த்ததற்காம். அதைத்தான் தடிமனாகப் போட்டான்.

25 வயது வரையுள்ள இளையவர்களுக்கும் உதவுகிறார்கள். பிரிட்டனில் இருக்கும் நம் குடும்பங்கள் தயங்காமல் அழையுங்கள்.